மூன்று நிமிடத்தில் பதினோரு ஊர்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதாவது, சொல்லத் தெரியும், காப்பாற்றத் தெரியாது. விவரமான பொய்க்காரி இரண்டு பேரிடம் இரண்டு விதமாகச் சொல்லிவிட்டு, அந்த இரண்டு பேரையும் ஒரே சமயத்தில் பேச விடமாட்டாள். நான் விட்டேன். அதுவும் நேரடி ஒளிபரப்பில். ஒரு பக்கம் ஜெனீவா. இன்னொரு பக்கம் அரூருக்கு மேலே இருக்கிற எங்கள் மலை. நடுவில் கையில் மைக்கோடு நான், எம்.ஏ. ஆங்கிலம் (தொலைநிலைக் கல்வி, இரண்டாம் வகுப்பு).

இது நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. இன்றும் பள்ளி ஆண்டு விழாவில் யாராவது மைக்கைத் தட்டிப் பார்த்தால் நான் நைசாக மேடைக்குப் பின்னால் போய்விடுவேன்.

நாங்கள் மலையாளிகள். (கேரளா இல்லை. மலையில் வாழ்கிற தமிழ் பேசும் பழங்குடிகள். சாதிச் சான்றிதழ் வாங்கப் போகிற ஆபீசில் எல்லாம் "மலையாளத்துல ரெண்டு வார்த்தை பேசும்மா" என்று கேட்டுக் கேட்டு என் பாதி ஆயுள் அதற்குப் பதில் சொல்வதிலேயே போய்விட்டது.) நான் நல்லம்பள்ளி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. என் கணவர் மின்சார ஆபீசில் லைன்மேன். ஒரே மகள் நந்தினி. சட்டம் படித்துவிட்டு சென்னையில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறாள்.

எங்கள் மலையின் உச்சியில் பொதுக் காடு ஒன்று உண்டு. புளி, கடுக்காய், தேன் எல்லாம் அங்கேதான். ஒருநாள் யாரோ ஜீப்பில் வந்து, அளந்து, மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லை வரிசையாக நட்டுவிட்டுப் போனார்கள். தங்கும் விடுதியும் பார்வைக் கோபுரமும் வரப்போகிறதாம். அதுவும் அவர்கள் சொல்லித் தெரியவில்லை, கல்லை ஏற்றி வந்த டிரைவர் தண்ணீர் கேட்டபோது சொன்னது. நந்தினி மனு போட்டாள், நடந்தாள், சட்டப் புத்தகத்தைக் காட்டினாள். ஒன்றும் நகரவில்லை. அப்போதுதான், உலக நாடுகள் கூடுகிற சபையில் பழங்குடிகளுக்கென்று வருடா வருடம் ஒரு கூட்டம் நடக்கிறது, அங்கே போய் நம் ஊர் விஷயத்தை நாமே பேசலாம் என்று கண்டுபிடித்து, எழுதிப் போட்டு, இடமும் வாங்கிவிட்டாள். ஜெனீவாவில், நேரில், மூன்று நிமிடம்.

வேறு எந்தத் தாயாக இருந்தாலும் பெருமைப்பட்டிருப்பாள். எனக்குக் காய்ச்சல் வந்தது. அரசாங்கத்துக்கு எதிராக வெளிநாட்டில் பேசினால் திரும்பி வரும்போது ஏர்போர்ட்டிலேயே பிடித்துக்கொள்வார்களா? என் இன்கிரிமென்ட்டை நிறுத்துவார்களா? அங்கே குளிருமா? ஜூலையில் குளிராது என்று அவள் பத்து முறை சொன்னாள். நான் தருமபுரி முழுக்கச் சுற்றி ஒரு கம்பளிக் குல்லாய் வாங்கினேன்.

போவதற்கு ஒரு மாதம் முன்னால் போன் செய்தாள்.

"ம்மா, எனக்கு விசாவுக்கு அலையவே நேரம் சரியா இருக்குது. நீ மலைக்குப் போயி ஊர்க்கூட்டம் போடச் சொல்லு. நான் என்னா பேசப்போறேன்னு முழுசா படிச்சுக் காட்டு. கேள்வி கேட்டா பதில் சொல்லு. அதுக்கப்புறம் அவங்க சம்மதிச்சா தீர்மானம் எழுதி வாங்கிக்க. அது இல்லாம ஊரு சார்பா நான் வாயத் தொறக்க முடியாது. புரிஞ்சுதா?"

"எனக்கே சொல்லித் தர்றியாடி? நான் இருவது வருசமா சர்க்குலர்ல கையெழுத்து வாங்கறவ."

அங்கேதான் தப்பு நடந்தது. எனக்குத் தெரிந்த கையெழுத்து, பள்ளிச் சுற்றறிக்கையில் வாங்குகிற கையெழுத்துதான். தலைமையாசிரியர் அனுப்புவார், நாங்கள் படிக்காமல் போடுவோம், அடுத்த அறைக்குப் போகும். அந்த வாரம் மறுதேர்வு வேலை வேறு. மலைக்குப் போய் வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். ஊர்க்கவுண்டர் சந்தைக்கு அரூர் வருவார் என்று தெரியும். (எங்கள் மலையின் பதினோரு ஊருக்கும் அவர்தான் தலைவர். எனக்கு மாமா முறை.) பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவரைப் பிடித்தேன்.

"என்னாத்துக்கும்மா இது?" என்றார், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"நம்ம நந்தினி வெளிநாட்டுல பேசறா மாமா. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

டீ ஆறுவதற்குள் போட்டுவிட்டார். அந்தத் தாளில் நான் டைப் அடித்திருந்தது இது: 'எங்கள் ஊர்க்கூட்டம் முறைப்படி கூடி, முழு விவரமும் கேட்டறிந்து, மனமொப்பிச் சம்மதித்தது.'

அன்றைக்கே ஸ்கேன் செய்து மகளுக்கு அனுப்பினேன். "சூப்பர்மா, இவ்ளோ சீக்கிரமாவா!" என்று பதில் வந்தது. நான் அடக்கத்தோடு ஒரு கும்பிடு பொம்மை போட்டேன்.

சரியாக இரண்டு வாரம். பிறகு என் அண்ணி போன் செய்தாள். லட்சுமி அண்ணி, என் அண்ணனின் மனைவி, கடைசி ஊரான கீழ்ச்சுனையில் இருக்கிறாள். அவள் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்தே எனக்கு அவளிடம் பயம்.

"ஏங்க டீச்சரம்மா, நாங்கெல்லாம் கூட்டம் போட்டு ஏதோ சம்மதிச்சிட்டமாமே? ஊர்க்கவுண்டரு சொன்னாரு. என்னிக்குங்க போட்டோம்? எங்க வூட்டுல யாருக்கும் ஞாபகமில்ல. சோறு கீறு போட்டீங்களா?"

மறுநாள் முதல் பஸ்ஸில் மலை ஏறினேன்.

கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில். பதினோரு ஊரிலிருந்தும் வந்திருந்தார்கள். கோபம் யார் முகத்திலும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. ஊர்க்கவுண்டர், "படிம்மா, அந்தப் புள்ள என்னா பேசப்போவுதுன்னு கேப்போம்" என்றார். நான் நந்தினியின் உரையைத் தமிழில் படித்தேன். வகுப்பறைக் குரல், நல்ல ஏற்ற இறக்கம். மூன்றாவது வாக்கியம் வரைக்கும்தான்.

'எங்கள் மலையில் கல் நட்டவர்கள் ஊர்க்கூட்டத்தைக் கேட்கவில்லை. ஒரு மனிதரை வழியில் நிறுத்தி, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மலை முழுவதும் சம்மதித்ததாக எழுதிக்கொண்டார்கள்...'

படித்துக்கொண்டே வந்த குரல் எனக்கே கேட்காமல் போயிற்று. மைதானத்தில் ஒரு ஆடு மட்டும் கத்தியது.

ஊர்க்கவுண்டர் மெதுவாகச் சொன்னார். "அப்பவும் என்னயத்தான் நிறுத்துனாங்க, எதுக்குன்னு சொல்லல. இப்பவும் நம்ம பொண்ணு என்னயத்தான் நிறுத்தியிருக்குது."

"அவங்களாச்சும் ஜீப்பு வெச்சுக்கிட்டு மலைக்கே வந்தாங்க மாமா" என்றாள் அண்ணி. "நம்ம டீச்சரம்மா ஒரு டீயில முடிச்சிட்டாங்க."

அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். (நான் சிரித்திருக்கக் கூடாது. சட்டென்று அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.)

நான்கு மணி நேரம் பேசினார்கள். முடிவு இதுதான். பேசட்டும், நம்ம புள்ளதான். ஆனால் மலை சார்பாகப் பேசுகிறவர் யாராக இருந்தாலும் முறை ஒன்று உண்டு. திருவிழாவாக இருந்தாலும் பஞ்சாயத்தாக இருந்தாலும் பேச்சைத் தொடங்குமுன் பதினோரு ஊரையும் வரிசைப்படி, அதனதன் மரியாதைப் பட்டத்தோடு கூப்பிட்டாக வேண்டும். முதல் தாம்பூலம் வாங்கும் பெரியவளவு, தேர்வடம் தொடும் கோயில்மேடு, தீவட்டி பிடிக்கும் நடுப்பாறை, பம்பை தூக்கும் ஏரிக்கொல்லை... இப்படி, கடைசிக் காவல் கீழ்ச்சுனை வரைக்கும். விட்டுப்போன ஊர் அந்தப் பேச்சுக்குக் கட்டுப்படாது. ஜெனீவாவாக இருந்தால் என்ன, முறை முறைதான்.

"கூப்புடலன்னா, எங்களக் கேக்கலன்னு நாங்களே அந்தச் சபைக்கு எழுதிப் போட்டுருவோம்" என்றார் ஊர்க்கவுண்டர். மிரட்டவில்லை. தகவல் சொன்னார்.

அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டில் இருந்து நந்தினிக்குப் போன் போட்டேன். டீக்கடைக் கையெழுத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. 'ஊரில் ஒரு சின்ன ஆசை' என்று மட்டும் சொன்னேன். அவள் சட்டென்று நான் சொல்லச் சொல்ல ஊர்ப் பெயர்களைப் பட்டத்தோடு சொல்லிப் பார்த்து நேரம் பார்த்தாள்.

"ஒரு நிமிசம் அம்பது செகண்டும்மா. மொத்தமே மூணு நிமிசம். முடிஞ்ச அடுத்த நொடி மைக்க நிறுத்திருவாங்க, ராஜாவா இருந்தாலும். கல்லு நட்டதப் பத்தி எப்படிப் பேசறது?"

"கொஞ்சம் வேகமாச் சொன்னா..."

"ம்மா. போயி அவங்ககிட்ட நேரக் கணக்கச் சொல்லிக் கேளு. சரின்னா சரி. இல்லன்னா ஊரு பேர எடுத்துட்டு, என் பேர்ல, ஒரு தனியாளாப் பேசறேன். அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா ஒத்துக்காததை ஒத்துக்கிட்டாங்கன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லாத."

தனியாள். அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. பதினோரு ஊர் பின்னால் நிற்கிற பெண்ணை யாரும் சட்டென்று தொட மாட்டார்கள். தனியாக நிற்கிற வக்கீல் பெண்ணைக் குறித்துவைத்துக்கொள்வார்கள். அன்று ராத்திரி முழுக்க எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. மறுபடி மலையேறிப் போய், மறுபடி நான்கு மணி நேரம் உட்கார்ந்து, அவர்கள் 'முடியாது' என்று சொல்லிவிட்டால்? இவளும் அங்கே தனியாக நின்றுவிட்டால்?

அதனால் நான் இரண்டு போன் செய்தேன்.

மகளுக்கு: "கேட்டுட்டேன் கண்ணு. நேரம் இல்லன்னா பரவால்ல, பேரு சொல்ல வேணாம்னு பெரிய மனசு பண்ணி விட்டுக் குடுத்துட்டாங்க."

ஊர்க்கவுண்டருக்கு: "சேத்தாச்சு மாமா. பதினோரு ஊரும். பட்டத்தோட."

இரண்டு பக்கமும் சந்தோஷம். நான்கு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. (சொல்லியிருந்தால், "ரெண்டு ஃபேஸ் கம்பியையும் ஒண்ணா முடிச்சுப் போட்டிருக்க, எப்பவேணா வெடிக்கும்" என்றிருப்பார். பின்னால் சொன்னார்.)

அந்த நாள் வந்தது. நம் நேரத்துக்கு மதியம் இரண்டு மணிக்குமேல் அவள் முறை. மலைப் பள்ளியின் ஸ்மார்ட் வகுப்பறையில் பெரிய டி.வி. உண்டு. அது கொள்ளாமல் டி.வி.யைத் தூக்கி வராந்தாவில் வைத்தார்கள். கோயில் ஸ்பீக்கர் வந்தது. கரண்ட் போய்விடக் கூடாது என்று என் கணவர் லீவு போட்டு டிரான்ஸ்பார்மர் பக்கத்திலேயே நின்றார். இவ்வளவும் எனக்குச் சம்மதம்தான். ஆனால் ஊர்க்கவுண்டர் கோயில் மைக்கை என் கையில் கொடுத்து, "அந்தப் புள்ள இங்கிலீசுல பேசறத நீ தமிழ்ல சொல்லும்மா" என்றபோதுதான், நான் எவ்வளவு பெரிய பள்ளத்தை எவ்வளவு அழகாக வெட்டியிருக்கிறேன் என்று புரிந்தது.

நந்தினிக்கு முன்னால் பலர் பேசினார்கள். பனி நாட்டில் மான் மந்தை மேய்க்கிற ஒரு அம்மா, எங்களைக் கேட்காமல் மேய்ச்சல் நிலத்தில் காற்றாலை நட்டுவிட்டார்கள் என்றார். "அங்கயும் நட்டுட்டாங்களா!" என்று வராந்தாவே உச்சுக் கொட்டியது. ஒரு தீவுக்காரர், அணைக்கட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் சட்டென்று சத்தம் நின்றது. வாய் மட்டும் அசைந்தது. மூன்று நிமிடம் முடிந்துவிட்டது.

கூட்டம் அதிர்ந்துபோயிற்று. "பேசிக்கிட்டிருக்கிற மனுசன் வாய இப்படிப் பொத்துவாங்களா?"

ஊர்க்கவுண்டர் மட்டும் யோசித்தபடி, "இந்த மிசினு நம்ம கூட்டத்துக்கும் ஒண்ணு கெடைக்குமா?" என்று கேட்டார்.

பிறகு நந்தினி. நீலப் புடவை. முன்னால் இரண்டு அட்டை: ஒன்றில் நாடு, ஒன்றில் எங்கள் மலையின் பெயர். வராந்தாவில் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். நான் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அவள் ஆங்கிலத்தில் தொடங்கினாள். தலைவருக்கு நன்றி, இந்த இடத்தில் பேச எங்கள் ஊர்க்கூட்டம் என்னை அனுப்பியிருக்கிறது, என்று ஒரே வாக்கியம்.

எல்லாக் கண்ணும் என்மேல்.

நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன். "தலைவர் அவர்களே, வணக்கம்னு சொல்றா. அப்புறம்... முதல் தாம்பூலம் வாங்கும் பெரியவளவு..."

பெரியவளவுக்காரர்கள் கை தட்டினார்கள்.

"தேர்வடம் தொடும் கோயில்மேடு..."

விசில்.

அப்படியே போனேன். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கைதட்டல், ஒரு கூச்சல், பக்கத்தில் இருப்பவன் முதுகில் ஒரு அடி. மகள் அங்கே கல்லைப் பற்றி, காட்டைப் பற்றி, சட்டத்தைப் பற்றி, தன் உயிரைக் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை. ஏழாவது ஊர், எட்டாவது ஊர். நந்தினி சொன்ன கணக்கு சரிதான், ஒரு நிமிடம் ஐம்பது செகண்ட். கைதட்டலோடு இரண்டரை நிமிடம்.

"இங்கிலீசுல இத்தன சின்னதா இருக்குதே நம்ம ஊரு பேரெல்லாம்?" என்று யாரோ சந்தேகப்பட்டார்கள்.

"அது அப்பிடித்தாங்க. சுருக்கமான பாஷை" என்றேன். (ஆங்கில ஆசிரியை.)

"கடைசிக் காவல் கீழ்ச்சுனை!" என்று முடித்தபோது அண்ணியே லேசாகச் சிரித்தாள். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த இருபத்தாறு வருடத்தில் அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் முறை. அப்பாடா என்று நெற்றி வியர்வையைத் துடைத்தேன்.

நந்தினி தாளைக் கீழே வைத்தாள். கேமராவைப் பார்த்தாள். அங்கே பேசுகிறவர்கள் தங்கள் சொந்த மொழியில் ஓரிரு வார்த்தை சொல்லி முடிப்பது வழக்கமாம். எனக்கு யார் சொன்னார்கள்? கை கூப்பிக்கொண்டு, கணீரென்று, தமிழில் சொன்னாள்:

"மலையில பாத்துக்கிட்டிருக்கிற எங்க சனங்களுக்குக் கும்பிடுங்க. பதினோரு ஊரு பேரையும் கூப்பிட்டுத்தான் ஆரம்பிச்சிருக்கணும். இங்க நேரமில்லாததால ஒரு பேரையும் சொல்லல. எங்கம்மா வந்து கேட்டதும், பரவால்லன்னு நீங்க விட்டுக் குடுத்தீங்களாமே, அந்தப் பெரிய மன..."

மைக் நின்றது. மூன்று நிமிடம்.

வராந்தாவில் கோயில் ஸ்பீக்கரின் 'உய்ங்' சத்தம் மட்டும். தலைகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின.

மனிதர்களுக்குப் பதற்றத்தில் என்னென்னவோ ஆகும். எனக்கு என்ன ஆயிற்று என்றால், பழக்க தோஷத்தில் மைக்கைத் தூக்கி, "அதாவது என்ன சொல்றான்னா..." என்று தொடங்கினேன்.

"அது தமிழுதான் தாயீ" என்றாள் அண்ணி. "எங்களுக்கே புரிஞ்சுது."

ஓடிவிடலாம் என்று பார்த்தேன். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. வீடியோ அழைப்பு, நந்தினி, முகமெல்லாம் பல்.

"ம்மா! கேட்டீங்களா? ஊர்ல என்னா சொன்னாங்க? சந்தோசமா?"

ஊர்க்கவுண்டர் கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்ய?

"கண்ணு, தாத்தா பேசறேன். நல்லாப் பேசுன. ஆனா உங்கம்மா எங்களக் கேக்கல. மொதல் கையெழுத்தும் டீக்கடையில வெச்சு வாங்குனதுதான். நாங்க எதையும் விட்டுக் குடுக்கல."

போனில் அவள் முகம் அணைந்துபோனதை நான் பார்த்தேன். அதை மட்டும் இதில் நகைச்சுவையாக எழுத எனக்கு வரவில்லை. ஒரு உலகச் சபையில், 'எங்கள் ஊர் என்னை அனுப்பியிருக்கிறது' என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அது பொய் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. கல் நட்டவர்கள் கையில் இந்தச் செய்தி கிடைத்தால், 'இவர்களே இவர்களைக் கேட்பதில்லை' என்று ஒரே வரியில் மொத்த விஷயத்தையும் முடித்துவிடுவார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும். என் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

"தாத்தா, எல்லாரும் அங்கதான இருக்கறாங்க? சத்தமா வெய்யுங்க" என்றாள். ஊர்க்கவுண்டர் போனைக் கோயில் மைக்கோடு சேர்த்துப் பிடித்தார். "தப்பு எம்மேலதாங்க. நானே வந்து கேட்டிருக்கணும். பேசுனத எழுத்துல குடுக்க இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குது. இன்னும் குடுக்கல. நீங்க வேண்டாம்னா, பேசுனதையும் சேத்து வாபஸ் வாங்கிக்கறேன்னு இப்பவே எழுதிக் குடுத்துடறேன். கேக்காமச் சொன்னா அது நம்ம பேச்சு இல்லீங்க."

அண்ணிதான் முன்னால் வந்தாள்.

"வாபசு கீபசு அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல நீ என்னா பேசுனேன்னு நீயே சொல்லு. இங்க ஒரு அம்மா தமிழ்ல சொன்னாங்க, கைதட்டித் தட்டி எங்க கையி செவந்ததுதான் மிச்சம். ஒண்ணியும் வெளங்கல."

நந்தினி படித்தாள், ஒவ்வொரு வாக்கியமாக. ஒவ்வொன்றுக்கும் கேள்வி வந்தது. கடுக்காய், புளி, தேன் சொல்லியிருக்கிறாயே, நெல்லிக்காயை ஏன் விட்டாய்? சேர்த்தாள். கல் நட்டது புதன்கிழமையா வியாழக்கிழமையா? அரை மணி நேரம் சண்டை, வியாழன் ஜெயித்தது. 'நலிந்த மக்களாகிய நாங்கள்' என்று ஒரு வரி. "யாரு நலிஞ்சது?" என்று நடுப்பாறைக்காரர் ஒருவர் எழுந்தார். அங்கே எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "அவங்க நலிஞ்சிருந்தா எழுதிக்கட்டும்" என்றார். வரி போயிற்று. நந்தினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதும் என் பக்கம் பார்க்கவில்லை.

எழுத்தில் கொடுக்கிற தாளுக்கு நேரக் கட்டு கிடையாது என்று அவள்தான் சொன்னாள். அதனால் தலைப்பிலேயே பதினோரு ஊரும் பட்டத்தோடு ஏறின. இதை முதலிலேயே அவர்களிடம் போய்ச் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். நான் கேட்கவே இல்லையே, யார் சொல்வார்கள்?

பிறகு ஊர்க்கவுண்டர் வரிசைப்படி கூப்பிட்டுக் கேட்டார். "பெரியவளவு?" "சம்மதம்." "கோயில்மேடு?" "சம்மதம்." ஜெனீவாவில் என் மகள் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து, போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி கண்ணை மூடியிருந்தாள். பத்து ஊர் முடிந்தது.

"கீழ்ச்சுனை?"

அண்ணி பதில் சொல்லவில்லை. என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள்.

"புள்ள பேசுனதுக்குச் சம்மதம்" என்றாள். "அவங்கம்மா மொழிபெயர்த்ததுக்குச் சம்மதம் இல்ல. ரெண்டையும் சேத்து எழுதுங்க."

மைதானமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இருந்து என் கணவரின் சிரிப்பு தனியாகக் கேட்டது. (வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்குப் போயும் சிரித்தார்.)

அதை எழுதியது யார் தெரியுமா? நான்தான். கையெழுத்து நன்றாக இருக்குமாம். கூட்ட நோட்டில், நானே, என் கையால் எழுதினேன்: 'செல்வி நந்தினி ஜெனீவாவில் பேசியதற்கு மலை மக்கள் அனைவரும் முழுமனதோடு சம்மதிக்கிறார்கள். அவருடைய தாயார் அதனை மொழிபெயர்த்ததற்கு யாரும் சம்மதிக்கவில்லை.' பிழை இருக்கிறதா என்று இரண்டு பேர் சரிபார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்கள். அதைப் படம் எடுத்து அனுப்பினோம். நந்தினி ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் பெயர்த்து, உரையோடு இணைத்துக் கொடுத்துவிட்டாள். ஆகவே இன்று உலக நாடுகளின் ஆவணங்களுக்கு நடுவில் எங்கேயோ, என்னைப் பற்றி எங்கள் மலை போட்ட தீர்மானமும் பத்திரமாக இருக்கிறது.

கல் இன்னும் பிடுங்கப்படவில்லை. ஆனால் புதிதாக ஒன்றும் நடப்படவும் இல்லை. போன தை மாதம் அதிகாரிகள் வரைபடத்தோடு வந்து, கூட்டம் போட்டு, முறையாகக் கேட்டார்கள். வரைபடம் ஆங்கிலத்தில் இருக்கிறதே, விளக்கிச் சொல்ல இங்கே யாராவது உண்டா என்றார்கள். நான் அங்கேதான் இருந்தேன். ஊர்க்கவுண்டர், "நாளைக்கு வாங்க, சேலத்துல இருந்து ஒருத்தர வரச் சொல்றோம்" என்றார்.

நந்தினி என்னிடம் பதினோரு நாள் பேசவில்லை. (ஊருக்கு ஒன்று என்று கணக்கு வைத்தாளோ என்னவோ.) பன்னிரண்டாம் நாள் வந்தாள், குல்லாயைத் திருப்பிக் கொடுத்தாள், "ஒருநாள்கூடக் குளிரலம்மா" என்றாள். அவ்வளவுதான், சமாதானம்.

ஆனால் வீட்டில் நான் யாருக்கும் எதையும் எடுத்துச் சொல்ல முடிவதில்லை. "அப்பா சாப்பிட வரச் சொன்னார்" என்றால், "அவரே சொன்னாரா, இல்ல மொழிபெயர்ப்பா?" என்று கேட்கிறாள்.

போன மாதம் அவளைப் பெண் பார்க்க இண்டூரில் இருந்து வந்தார்கள். நல்ல குடும்பம், மாப்பிள்ளை பேங்கில் வேலை. பலகாரம் எல்லாம் முடிந்து மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க. பொண்ணுக்குச் சம்மதந்தானுங்களே?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன்.

"அவகிட்டயே கேட்டுக்கங்க!" என்று என் கணவரும் அண்ணியும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அந்த அம்மா திடுக்கிட்டுப்போய் நந்தினி பக்கம் திரும்பினார்.

"இல்லீங்க" என்றாள் நந்தினி, மரியாதையாக.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை.